ஓர் எழுத்து போதும்

நாளேட்டைக் கையில் எடுத்தவுடன் ஒருவர் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகிறார் என்பதைக் கொண்டு அவருடைய மனத்தை ஓரளவு கணித்துவிடலாம் என்பார்கள். அரசியலில் நாட்டமுள்ளவர் தலைப்புச் செய்தியைப் பார்க்கிறார். வேலை தேடும் இளைஞர் விளம்பரப் பக்கத்தைத் தேடுகிறார். எங்கள் பங்கின் முதியவர்கள் இரங்கல் அறிவிப்புகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து, தெரிந்த முகம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே காப்பியை வாயில் வைக்கிறார்கள். நானோ, கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கட்டங்கள் அமைந்திருக்கும் மூலையைத் தேடுகிறவன். கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குறுக்கெழுத்துப் புதிர் என் காலை வேளையின் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது.

"ஒரு குருவானவருக்கு இது தகுமா?" என்று பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் பாதி விளையாட்டாகவும் பாதி வினயமாகவும் கேட்டதுண்டு. நாள் முழுவதும் சொற்களோடு வாழ்கிறவன் காலையில் கால் மணி நேரம் சொற்களோடு விளையாடினால் என்ன குற்றம் என்று நானும் விளையாட்டாகவே மறுமொழி சொல்லிவைத்தேன். ஆயினும் அவருக்குச் சொல்லாத இன்னொரு காரணம் உண்டு. குறுக்கெழுத்துப் புதிர் தனியாளின் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். என் பட்டறிவு வேறு. அதை எவரும் தனியாகத் தீர்ப்பதில்லை. பிறரிடம் உதவி கேட்பது எப்படி, பிறருக்கு உதவி செய்வது எப்படி என்ற இரண்டையும் இந்தக் கட்டங்களைப்போல் எளிமையாக எனக்குக் கற்பித்தவை குறைவு. அதைப் பற்றித்தான் இங்கே சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குருமட நாள்களில் எங்கள் அனைவருக்கும் நூலகத்தில் ஒரே ஓர் ஆங்கில நாளேடுதான் உண்டு. மேசைக்காலில் நூலால் கட்டிய ஒரு பென்சில் அதன் அருகில் தொங்கும். எவரும் எழுதி ஒட்டாத ஒரு சட்டமும் அங்கே நிலவியது. ஒருவர் ஒரு நாளில் ஒரு சொல்லை மட்டுமே நிரப்பலாம். விடைகள் எல்லாம் தெரிந்தவரும் ஒன்றை எழுதிவிட்டு எழுந்துவிட வேண்டும். காலையில் வெறுமையாக இருந்த கட்டங்கள், மாலை செபமாலைக்கு மணி அடிக்கும் நேரத்தில் பெரும்பாலும் நிறைந்திருக்கும். எந்தச் சொல்லை எவர் எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. கடலோரக் கிராமத்திலிருந்து வந்தவர், கரிசல் மண்ணிலிருந்து வந்தவர், நகரத்துக் கான்வென்ட்டில் படித்தவர் என்று பலருடைய கையெழுத்துகள் அந்தச் சதுரத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. ஒருவர் எழுதிவிட்டுப் போன சொல்லின் ஓர் எழுத்தே அடுத்தவருக்கு வழிகாட்டியது. எங்களில் பலருக்கு ஆங்கிலத்தின் மீதிருந்த அச்சம் அந்த மேசையில்தான் நீங்கியது.

இந்தப் புதிரின் பிறப்பு வரலாறும் சுவையானது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் நாளேட்டின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவிலான ஒரு புதிரை வெளியிட்டார். 'சொற்குறுக்கு' என்று பொருள்படும் பெயரை அவர் அதற்குச் சூட்டியிருந்தார். சில வாரங்களில் அந்தப் பெயரின் இரு பாதிகளும் முன்பின்னாக மாறி, இன்று உலகம் அறிந்த பெயராகிவிட்டது. 1924இல் சைமன் அண்டு ஷுஸ்டர் பதிப்பகம் முதல் புதிர்த் தொகுப்பு நூலை வெளியிட்டபோது, ஒவ்வொரு படியோடும் ஒரு பென்சிலை இணைத்து விற்றது. அடுத்து வந்த மோகத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் – ஒகையோ இரயில் நிறுவனம் பயணிகளுக்காகத் தன் வண்டிகளில் அகராதிகளை வைத்தது. உதவியின்றி இந்தப் புதிர் தீராது என்பதை அந்த நிறுவனம் முதலிலேயே கண்டுகொண்டது போலும்! இலண்டன் 'டைம்ஸ்' நாளேடு 1930 பிப்ரவரி முதல் நாள் தன் புதிரைத் தொடங்கியது.

நம் நாட்டில் ஆங்கிலப் புதிருக்குப் பெயர்பெற்றது 'தி இந்து'. அதற்குப் புதிர் அமைத்தவர்களில் ஒருவர், 1958இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான அட்மிரல் இராம் தாஸ் கட்டாரி. கப்பல்களை நடத்திய கை ஓய்வுக்காலத்தில் கட்டங்களை வரைந்தது. இங்கிலாந்தில் 'கார்டியன்' நாளேட்டுக்குப் பல்லாண்டுகள் புதிர் அமைத்தவரோ ஆங்கிலிக்கன் திருச்சபையின் அருள்பணியாளரான ஜான் கிரகாம். 'அரவுக்கேரியா' என்னும் மரத்தின் பெயரே அவருக்குப் புனைபெயர். 2013 ஜனவரியில், தமக்குப் புற்றுநோய் வந்திருப்பதை அவர் தம் வாசகர்களுக்கு ஒரு புதிரின் வழியாகவே தெரிவித்தார். நோயின் பெயரும் மருத்துவத்தின் தன்மையும் கட்டங்களுக்குள் விடைகளாக இருந்தன. வாசகர்கள் எழுத்தெழுத்தாக நிரப்பி நிரப்பித்தான் அந்தச் செய்தியை அறிந்துகொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். தமது துன்பத்தை நேராகச் சொல்லாமல், நண்பர்களே கண்டுபிடிக்கும்படி அவர் விட்டது எனக்கு விந்தையாகப் படவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்காக வருகிறவர்களிலும் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். குறிப்பைத் தருகிறார்கள், விடையை நாம் தேட வேண்டியிருக்கிறது.

இனி, உதவி என்ற பொருளுக்கு வருவோம். புதிரில் தடுமாறுகிறவருக்குப் பல வகை உதவிகள் உண்டு. மறுநாள் நாளேட்டில் விடை வரும். அது பொறுமையுள்ளவர்க்கான உதவி. மேனாட்டு நாளேடுகள் சில, பொறுமையற்றவர்களுக்காகத் தொலைபேசியில் கட்டணம் பெற்றுக்கொண்டு விடை சொல்லும் ஏற்பாட்டையும் செய்திருந்தன. இன்று கைபேசியில் குறிப்பைத் தட்டினால் நொடியில் விடை வந்து நிற்கிறது. இவை எல்லாம் விடையைத் தரும் உதவிகள். அகராதி சற்று வேறானது. அது விடையைத் தராது, விடை இருக்கும் தெருவைக் காட்டும். வீட்டைத் தேடிச் செல்வது நம் பொறுப்பு.

அகராதி என்றதும் நமக்கு ஒரு பெருமை உண்டு. அதுவரை தமிழில் சொற்பொருள் அறிய விரும்பியவர் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகளைச் செய்யுளாகவே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதிதான் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, எவரும் எளிதில் தேடத்தக்கதாக ஆக்கியது. அதன் நான்கு பகுதிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் என்பதைச் சொல்வது பெயரகராதி. ஒரு பொருளுக்கு என்னென்ன பெயர்கள் என்பதைச் சொல்வது பொருளகராதி. மும்மை, நான்மை என்று தொகையாக வழங்குபவற்றை விரிப்பது தொகையகராதி. எதுகைக்கு ஏற்ற சொற்களை வரிசைப்படுத்துவது தொடையகராதி. குறுக்கெழுத்துப் புதிர் பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதைத் தீர்ப்பவனுக்கு வேண்டிய நான்கு கருவிகளையும் ஒரே நூலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த இத்தாலியத் துறவி!

ஆயினும் புதிரில் கிடைக்கும் மிகச் சிறந்த உதவி புறத்திலிருந்து வருவதன்று. ஒரு சொல்லை மற்றொரு சொல் வெட்டும் கட்டத்தில் நிற்கும் எழுத்தே அது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. தமிழிலோ 247. ஒரு கட்டத்தில் 'கு' என்று எழுதினால் குறுக்கே செல்லும் சொல்லுக்கும் நெடுகே செல்லும் சொல்லுக்கும் அதே 'கு'தான் வேண்டும். 'க'வும் ஆகாது, 'கூ'வும் ஆகாது. புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால், 'ம்' என்று ஒரு சொல் முடியும் கட்டத்திலிருந்து இன்னொரு சொல்லைத் தொடங்கவும் இயலாது. ஆகவே தமிழில் புதிர் அமைப்பவரின் பாடு பெரும்பாடு. ஆனால் தீர்ப்பவருக்கு இதனால் வரும் நன்மையும் பெரிது. ஆங்கில எழுத்து ஒன்று கிடைத்தால் மெய்யோ உயிரோ ஒன்றுதான் தெரியும். தமிழ் எழுத்து ஒன்று கிடைத்தாலோ பெரும்பாலும் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைக்கின்றன. நம் மொழியில் ஓரெழுத்து உதவி சிறிய உதவி அன்று.

புதிர்க் குறிப்புகளிலும் இரு வகை உண்டு. நேர்ப்பொருள் கேட்பது ஒன்று. சொல்லுக்குள் சொல்லை ஒளித்து வைத்துக் கேட்பது மற்றொன்று. காளமேகத்தின் சிலேடையையும் சித்திரகவிகளையும் சுவைத்த மொழிக்கு இந்த இரண்டாம் வகை புதிதன்று. ஓர் எடுத்துக்காட்டு: 'தலையை இழந்த மகுடத்தில் தண்ணீர் மொள்ளலாம்' – மூன்று எழுத்து. மகுடத்தின் முதலெழுத்தை நீக்கினால் குடம். இன்னொன்று: 'தலைவலி மையங்கொண்ட இடத்தில் ஒளிந்திருக்கும் பலம்' – மூன்று எழுத்து. முதலிரு சொற்களையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்; நடுவில் 'வலிமை' தெரியும். விடை எப்போதும் குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. நம் கண் சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் இடறி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பொழுதுபோக்கு நம் நாட்டில் ஒருகாலத்தில் சூதாட்டமாகவும் மாறியது. பெரும் பரிசுத் தொகைகளை அறிவித்து, இரண்டு மூன்று விடைகள் பொருந்தும்படி குறிப்புகளை எழுதி, மறைத்து வைத்த விடையோடு எவருடைய விடை ஒத்திருக்கிறதோ அவருக்கே பரிசு என்ற போட்டிகள் பெருகின. அறிவு பின்தள்ளப்பட்டு அதிர்ஷ்டம் முன்வந்தது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசளிக்கும் இத்தகைய போட்டிகளைத் தடை செய்தது. சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகள் அரசியலமைப்பு காக்கும் தொழிலுரிமைக்குள் வாரா என்று 1957இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தனக்கென்று ஒரு பரிசு வந்தவுடன், பக்கத்திலிருப்பவருக்கு ஓர் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் மனம் மனிதனுக்கு வராமல் போகிறது. பரிசு போன பிறகே புதிர் மறுபடியும் விளையாட்டாயிற்று.

இத்தனை செய்திகளையும் எழுதத் தூண்டியவர் எங்கள் பங்கில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஊருக்கே அவர் 'வாத்தியார்'தான்; இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். 2018ஆம் ஆண்டு பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் முடக்கிப் போட்டது. நாக்கும் குழறியது. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதிய கை மடியில் அசையாமல் கிடந்தது. உடனிருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய மகள். தந்தைக்குக் குறையொன்றும் வைக்காத பெண். குளிப்பாட்டுவார், உடுத்துவார், சோறூட்டுவார், தண்ணீர்க் குவளையை வாயில் வைப்பார். ஆனால் வாத்தியார் நாளுக்கு நாள் கடுமையாகிக்கொண்டே போனார். ஊட்ட வரும் கையை இடக்கையால் தட்டிவிடுவார். இரண்டு நாள்கள் உண்ணாமலே இருந்ததும் உண்டு. "நான் என்ன கைக்குழந்தையா?" என்பதே அவர் தெளிவாகச் சொல்லிய ஒரே வாக்கியமாக இருந்தது. "எவ்வளவு செய்தாலும் அப்பாவுக்குக் கோபம்தான் சாமி" என்று அந்தப் பெண் திண்ணையில் நின்று கண் கலங்குவார்.

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது வழக்கம். அப்படிச் சென்ற ஒரு நாள், அன்றைய தமிழ் நாளேட்டின் புதிர் பாதி முடிந்த நிலையில் என் பையில் இருந்தது. 'யானைப் பாகனின் கையில் இருப்பது' என்ற குறிப்பு, மூன்று எழுத்து. கோயிலிலிருந்து அவர் வீடு வரைக்கும் நடந்தபோதும் அது பிடிபடவில்லை. செபம் முடிந்து சற்று அமர்ந்திருந்தபோது அவரிடமே கேட்டேன்.

அவர் என்னை ஐயத்தோடு உற்றுப் பார்த்தார். "தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறீங்களா சாமி?"

"இல்லை ஐயா. அங்குசம் என்றுதான் நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் ஐந்து எழுத்து வருகிறது. கட்டம் மூன்றுதான்."

இடக்கையை நீட்டி நாளேட்டை வாங்கினார். கண்ணாடியை மகள் மாட்டிவிட்டார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வோர் ஒலியையும் தேடித் தேடிச் சொன்னார்: "முதல் எழுத்து... தோ." அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் அவர் நோயாளி அல்லர். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர். நான் மாணவன். "தோட்டி" என்றேன், பழைய இலக்கியப் பாடம் எங்கிருந்தோ நினைவுக்கு வந்து. அவர் முகம் மலர்ந்தது. "பாகன் யானையைத் தள்ளவா செய்றான், சாமி? தள்ளினா நகருமா? தொட்டாப் போதும். யானை தானா நடக்கும்" என்றார். நோயுற்ற பிறகு அவர் அத்தனை நீளமாகப் பேசியது அன்றுதான் என்று மகள் பின்னர் என்னிடம் கூறினார்.

அன்று முதல் வாரம் இருமுறை அவர் வீட்டுக்கு என் நாளேடு சென்றது. நிரம்பாத கட்டங்களோடு செல்லும். அவற்றை நிரப்பும் எழுத்துகளோடு திரும்பும். எட்டாம் வகுப்புப் படித்த பேரனும் கூட்டத்தில் சேர்ந்தான். அவன் கைபேசியில் தேடி விடையை உரக்கச் சொல்லிவிடுவான். வாத்தியார் சினப்பதில்லை. "போனை வை. முதல்ல எத்தனை எழுத்துன்னு எண்ணு" என்பார். எண்ணிவிட்டால், "இப்போ எந்த எழுத்து உன் கையில இருக்கு?" என்பார். விடையை அவர் ஒருபோதும் தந்ததில்லை. பிறகு தாமே குறிப்புகளை அமைத்துப் பேரனை எழுதச் சொல்லவும் தொடங்கினார். அவற்றுள் ஒன்று இன்னும் என் நினைவில் நிற்கிறது: 'ஆலயத்தின் முகப்பு இடிந்தாலும் உள்ளே தாளம் கலையவில்லை' – மூன்று எழுத்து. விடையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். அதை எழுதச் சொன்னபோது அவருடைய வலது கை மடியில் கிடந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மகள். ஒரு நாள் நான் சென்றபோது வாத்தியார் உண்டுகொண்டிருந்தார். மகள் ஊட்டவில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து, தட்டு நகராதபடி விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கரண்டியைத் தந்தையின் இடக்கையில் கொடுத்திருந்தார். கரண்டி வாய்க்குப் போகும் வழியில் பாதிச் சோறு சிந்தியது. உணவு முடிய முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் அவர் உண்டார். "ஓர் எழுத்தை மட்டும் நான் கொடுக்கிறேன் சாமி. சொல்லை அவரே முடிச்சுக்கிறார்" என்றார் அந்தப் பெண். இறையருளும் மனித முயற்சியும் எவ்வாறு இணைந்து செயல்படுகின்றன என்பதைக் குருமடத்தில் நாங்கள் தடித்த நூல்களில் படித்தோம். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த தெளிவு அந்நூல்களில் எனக்குக் கிடைத்ததாக நினைவில்லை.

2020ஆம் ஆண்டு கொரோனா முடக்கம் வந்தது. வீடுகளுக்குச் செல்ல இயலவில்லை. தொலைபேசியில் குறிப்பைப் படித்துக் காட்டுவேன். மறுமுனையில் மூச்சும் மௌனமும் கேட்கும். பிறகு ஓர் எழுத்து வரும். அடைபட்டிருந்த அந்த மாதங்களில், எனக்காகவும் ஒருவர் எழுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு பங்கு இல்லத்தின் தனிமையைப் போக்கியது. உதவி பெற்றவர் யார், உதவி செய்தவர் யார் என்று இன்று கணக்குப் பார்த்தால் என் பக்கமே கடன் நிற்கும்.

மறு ஆண்டு இரண்டாம் முறையாகப் பக்கவாதம் அவரைத் தாக்கியது. இம்முறை பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிற்று. நோயில்பூசுதல் அருட்சாதனத்தை அளித்துவிட்டு அவர் அருகில் அமர்ந்திருந்தேன். தலையணைக்குப் பக்கத்தில் பேரன் வைத்திருந்த நாளேட்டை அவர் கண்ணால் காட்டினார். படித்தேன். 'அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பது' – மூன்று எழுத்து. நடுவில் 'ட' என்று ஏற்கெனவே நிரம்பியிருந்தது. படகு என்றாலும் பொருந்தும். ஓடம் என்றாலும் பொருந்தும். கடைசி எழுத்தை வெட்டும் சொல்லைத் தீர்த்து, "கடைசி எழுத்து 'ம்' ஐயா" என்றேன். அவர் உதடுகள் முயன்றன. ஒலி வரவில்லை. மறுபடியும் முயன்றார். பிறகு இடக்கையை மெல்ல உயர்த்தி என் கையைத் தொட்டு, தலையை அசைத்தார். விடையைச் சொல்லிவிடும்படி கேட்டார் என்பது புரிந்தது. "ஓடம்" என்றேன். கண்களை மூடிச் சிரித்தார். அன்று மாலை மகள் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டியபோது அவர் கையைத் தட்டிவிடவில்லை. குழந்தையைப்போல் வாயைத் திறந்தார். சில வாரங்களில் அமைதியாக இறந்தார்.

இதனை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். முழு விடையையும் கொடுப்பது எளிது. ஓர் எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கடினம். அதற்குப் பொறுமை வேண்டும். சிந்தும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் துணிவு வேண்டும். எதிரில் இருப்பவரால் முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். அதே நேரத்தில், ஓர் எழுத்து போதாத வேளையும் எல்லார் வாழ்விலும் வரும். அப்போது "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று விலகி நிற்பது அன்பாகாது. எந்த வேளை எது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. அருகில் அமர்ந்திருப்பவருக்கே அது தெரியும். வாத்தியார் கடைசியில் விடையைக் கேட்டதும், மகளின் கையை ஏற்றதும் தோல்வியால் அல்ல என்றே நான் நம்புகிறேன். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுக்க முடிந்தவருக்குப் பெற்றுக்கொள்வது இழிவாகத் தோன்றுவதில்லை.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தாமே எழுதிக்கொடுத்து நிம்மதி காணும் பெற்றோர் எத்தனை பேர்! முதியவரின் சட்டைப் பொத்தானை அவசரமாகப் போட்டுவிட்டு, "உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று அவருடைய கைக்கு எஞ்சியிருந்த ஒரே வேலையையும் பறித்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்! நம் பங்குகளின் உதவிச் சங்கங்களும், அரிசியையும் துணியையும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது, அந்த வீட்டாரிடம் எதையேனும் கேட்டுப் பெற்றதுண்டா என்று தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாட்டு மருந்தின் பக்குவம், மறந்துபோன ஒரு தாலாட்டு, விதைப்புக்கு ஏற்ற பட்டம் – கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத வீடு எந்த ஊரிலும் இல்லை.

அதற்காக, தெரிந்ததையே தெரியாததுபோல் நடித்துக் கேட்க வேண்டியதில்லை. முதியவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள். கண்டுகொண்டால் மனம் நோவார்கள். நடிப்புக்கு அவசியமும் இல்லை. உண்மையாகவே நமக்குத் தெரியாதவை ஒவ்வொரு நாளும் நம் கையில் இருக்கின்றன. நாளைக் காலை நாளேட்டிலும் சில கட்டங்கள் நிரம்பாமல் நிற்கும். கைபேசியை எடுக்கும் முன், பக்கத்துத் தெருவில் எவர் சாய்வு நாற்காலியில் தனியாக அமர்ந்திருக்கிறார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, பென்சிலோடு அந்த வீட்டுக்குச் செல்லுங்கள்.